பதினேழாம் இலக்கக்காரி

அத்தியாயம் 5

கண்டி நகரில் இரண்டு கூட்டத்தாரை என் கண்ணில் காட்டக் கூடாது. ஒன்று, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று இறங்கிப்போய் என் த்ரீவீலரை அரை மணித்தியாலம் காயவைக்கும் சவாரிக்காரர். மற்றது டியூஷன் வகுப்பு நடத்தும் சேர்மார். அந்த வியாழக்கிழமை முற்பகல் இரண்டாவது வகையில் ஒருவரைப் பார்க்க என்னை இரண்டு மாடி ஏறவைத்தார்கள்.

நான் அஸ்ஃபர். மூன்று வருஷம் நடைபாதையில் சிம் கார்ட் விற்றேன். அதற்குப் பிறகு த்ரீவீலர். இப்போது பெற்றீசியா மிஸ்ஸுக்குச் சாரதி, உதவியாளர், கோபம் வந்தால் திட்டு வாங்குவதற்கென்றே வைத்திருக்கும் ஆள். மிஸ் பதினெட்டு வருஷம் நீதிமன்றப் பதிவறையில் வழக்குக் கோவைகளோடு மாரடித்துவிட்டு, வேலையை விட்டு, மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு மாடியறையில் தனியார் விசாரணைப் பலகை மாட்டிக்கொண்டவர். கணவன், பிள்ளை, நாய், பூனை எதுவும் இல்லை. சந்தேகம் மட்டும் நிறைய உண்டு.

நாங்கள் ஏறிய கட்டடம் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்தது. கீழே செருப்புக்கடை, நடுவில் பல்வைத்தியர், உச்சியில் ‘பைதகரஸ் கணித மாளிகை’. மாளிகை என்றால் மூன்று அறையும் ஒரு கக்கூஸும். அதன் அதிபதி ராஜலிங்கம் சேர், நாங்கள் பாடம் கேட்க வந்தவர்கள் போல எங்களை வாங்கில் உட்காரவைத்து, தான் மட்டும் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

எங்களைக் கூட்டி வந்தவள் நிரஞ்சனி. முப்பத்து நாலு வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீடு ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். சனிக்கிழமைகளில் மட்டும் இந்த மாளிகையில் ஒரு வகுப்பு. காலையில் எங்கள் அறைக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்து அழுதவள், இங்கே வந்ததும் அழுகையை விழுங்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு புலமைப்பரிசில் நிதியம் இருக்கிறது. அது நடத்தும் கணிதப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிக்கும் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பை நிதியமே பார்த்துக்கொள்ளும். இந்த வருஷம் வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பை ராஜலிங்கம் சேரிடம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை நடக்க வேண்டிய போட்டி. புதன்கிழமை காலையிலேயே வினாத்தாளின் படம் கண்டி முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடிவிட்டது. நிதியம் போட்டியை நிறுத்தி, வியாழன் பின்னேரம் நாலு மணிக்குள் ஆளைச் சொல்லு என்று கேட்டிருந்தது.

சேர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ‘வினாத்தாளை வெளியே கொண்டு சென்றவள் நானே’ என்று ஒரு கடிதத்தை டைப் அடித்து, கீழே நிரஞ்சனியின் பெயரும் போட்டு வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வைத்தால் மன்னிப்பாராம். வைக்காவிட்டால் கல்வித் திணைக்களத்துக்கு முறைப்பாடு போகுமாம். நிரஞ்சனிக்கு அடுத்த கிழமை நிரந்தர நியமனக் கடிதம் வர இருந்தது. ஆறு வருஷமாக அதற்காகக் காத்திருந்தாள். வைத்தாலும் போகும், வைக்காவிட்டாலும் போகும். சேரின் மன்னிப்பு அந்த அளவுக்கு விசாலமானது.

“எண் பொய் சொல்லாது மிஸ்” என்றார் ராஜலிங்கம் சேர். இதைச் சொல்லிவிட்டு எழும்பி வெள்ளைப் பலகைக்குப் போனார். பெற்றீசியா மிஸ் விசாரிக்க வந்தது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. தன் கெட்டித்தனத்தைக் காட்டப் புது ஆள் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது.

முதன்மை எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஓ.எல் பரீட்சைக் கணக்கில் இரண்டு தடவை பெயிலான எனக்கே இது புரிந்தது. சேர் தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முதன்மை எண் கொடுத்திருந்தார். வினாத்தாளை டைப் அடித்த கிளார்க் மோகனராஜுக்கு 31. பிழை பார்த்த கிறிஸ்ரி சேருக்கு 331. இந்த இரண்டையும் பெருக்கிய எண் எல்லாப் பிரதியின் மூலையிலும் இருக்கும். பிறகு யாராவது அலுமாரியிலிருந்து ஒரு பிரதியை வெளியே எடுத்தால், மோகனராஜ் அந்த ஆளின் எண்ணாலும் பெருக்கி, வந்த விடையை மூலையில் எழுத வேண்டும். எந்த எண்ணையும் முதன்மை எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்கலாம். ஆகவே மூலை எண்ணைப் பிரித்தால், யார் யார் கை பட்டது என்று தெரிந்துவிடும்.

கெட்டித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் நூல் கட்டிய பேனாவும் செய்யும் வேலையை இத்தனை பாடுபட்டுச் செய்வதற்குத் தனி மூளை வேண்டும். மிஸ்ஸும் அதைத்தான் மரியாதையாகக் கேட்டார். பெயரை அழிக்கலாம், எண்ணை அழிக்க ஏலாது என்று சேர் பதில் சொன்னார்.

சுவரில் எண் பட்டியல் ஒட்டியிருந்தது. 31, 331, 3331, 33331 என்று ஒவ்வொன்றாக மூன்று கூடிக்கொண்டே போய், ஏழாவது ஆளுக்கு 33333331. எல்லாமே முதன்மை எண்களாம். சேவைக்காலம் கூடக் கூட எண்ணும் நீளுமாம். இந்த ஏழு பேருக்கும் கீழே, கிளார்க்குக்கும் கீழே, எட்டாவதாக நிரஞ்சனி: 17.

ஏன் இவளுக்கு மட்டும் வேறு மாதிரி எண் என்று மிஸ் கேட்டார். சேர் சிரித்தார். அந்த வரிசை மாளிகையின் நிரந்தர ஆட்களுக்காம். கிழமைக்கு ஒரு நாள் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குச் சின்னது போதுமாம். அவள் அங்கேயே நிற்கிறாள் என்பதை மறந்து சொன்னார் என்று நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். மறக்கவில்லை.

வாட்ஸ்அப் படத்தின் மூலையில் இருந்த எண் 3420333309391. சேர் கைப்பேசிக் கல்குலேட்டரில் அதைப் பதினேழால் வகுத்து எங்களுக்குக் காட்டினார். 201196077023. தசமம் இல்லை, மீதி இல்லை. வழக்கு முடிந்தது என்பது போலக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“மத்தவங்களோட எண்ணாலயும் வகுத்துப் பாத்தீங்களா சேர்?” மிஸ் கேட்டார்.

“கள்ளன் பிடிபட்டாப் பிறகு தேடுறதா மிஸ்? முதல் தடவையே சரியா வந்திச்சு.”

“முதல்ல பதினேழால வகுக்கணும்னு எப்பிடித் தோணிச்சு?”

“எங்கயாவது தொடங்கத்தானே வேணும். கீழயிருந்து தொடங்கினன்.”

எனக்கு வாய் நமநமத்தது. வீட்டில் மோதிரம் தொலைந்தால் வேலைக்காரியின் பெட்டியைக் கிளறுகிற அதே கணக்கு. இந்த மனுஷர் அதைக் கல்குலேட்டரில் செய்திருக்கிறார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

மிஸ் கிளார்க் பக்கம் திரும்பி, புதன்கிழமைக்கு முன் யார் பிரதி எடுத்தது என்று கேட்டார். மோகனராஜ் ஒல்லியான ஆள். கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், சேரிடம் கேளுங்க என்றான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. சேர் உடனே குறுக்கிட்டு, தன் ஆட்களைக் குழப்ப வேண்டாம் என்றார்.

படியிறங்கும்போது பல்வைத்தியர் வாசலில் மிஸ் நின்றுவிட்டார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சேர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வகுத்தார். பதினேழால் வகுத்து வந்த விடையை 31ஆல் வகுத்தார், போனது. அதை 331ஆல் வகுத்தார், அதுவும் போனது. கடைசியில் 19607843 என்று ஓர் எண் மிஞ்சியது. பட்டியலில் மிச்சமிருந்த ஐந்து எண்களாலும் முட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபடி பதினேழால் வகுத்தார். மீதி ஒன்பது வந்தது.

“இது யாரோட எண்?” என்று நிரஞ்சனியைக் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஓர் எண்ணை அவள் கண்டதே இல்லை. மிஸ் பேனாவை மூடினார்.

“நிரஞ்சனி, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். அந்த எண்ணுக்குள்ள பதினேழு இருக்கு. நீங்க எடுக்கலன்னா அது எப்பிடி வந்திச்சுன்னு எனக்கு இப்பத் தெரியல.”

“நான் எடுக்கலங்க மிஸ்” என்றாள் அவள். “அந்த அலுமாரிச் சாவி எந்தப் பக்கம் திரும்பும்னுகூட எனக்குத் தெரியாது. சனிக்கிழம வருவேன், படிச்சுக் குடுப்பேன், நாலே முக்கால் பஸ்ஸப் புடிச்சுப் போயிருவேன். எங்க லயத்துல மொதமொதலா டீச்சர் ஆனது நாந்தாங்க. நான் களவெடுத்தேன்னு ஒரு கடிதாசி போச்சுன்னா, எனக்குப் பொறவு ஒருத்தியையும் நம்ப மாட்டாங்க.”

மூன்று மணிக்கு மாளிகைக்கு வரச் சொல்லி அவளை அனுப்பினோம். மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. அதைப் பற்றிச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சிம் கார்ட் விற்ற காலத்தில் ஆயிரக்கணக்கான அடையாள அட்டைகளைப் படி எடுத்தவன் நான். புது அட்டை எண்ணில் முதல் நாலு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று, வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள்.

“மிஸ், இது ஐடென்டி நம்பர்” என்றேன். “1960ல பொறந்த ஆள். அடுத்தது 784. ஐந்நூறக் கழிச்சா எரநூத்தி எம்பத்தி நாலு. ஒக்டோபர் மாசத்துப் பொம்பள. பட்டியல்ல பேர் இல்லாத ஆளுக்கு மோகனராஜ் ஐடென்டி நம்பரால பெருக்கீக்கிறான். நீளம் கூடினதால முன்பாதிய மட்டும் போட்டீக்கிறான்.”

“அறுபத்தஞ்சு வயசுப் பொம்பள ஒருத்தி அங்க இருக்காளா?”

இருந்தாள். கீழே செருப்புக்கடைக்காரரிடம் விசாரித்தேன். மாளிகையைக் கூட்டி, தேத்தண்ணீர் போடும் இராஜகுமாரிக்கு அந்த வயது இருக்கும். புதன்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. கண்டிக்கு வெளியே வத்தேகம என்ற ஊரில் வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் துள்ளினேன். மிஸ் துள்ளவில்லை. அலுமாரிச் சாவிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற ஆளிடம் எப்படியும் பேசத்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டார்.

வத்தேகம போய்ச் சேர ஒரு மணி தாண்டிவிட்டது. வழி நெடுக என் கெட்டித்தனத்தை நானே பாராட்டிக்கொண்டு போனேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டச் சொல்லி மிஸ் இரண்டு தடவை சொன்னார். வீட்டில் ஆள் இல்லை. வியாழக்கிழமை சந்தையில் இருப்பாள் என்று அயலில் சொன்னார்கள்.

சந்தைக் கோடியில் ஒரு சாக்கு விரித்து, வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இராஜகுமாரி. மெலிந்த உடம்பு, கெட்டியான பார்வை. மாளிகையிலிருந்து வருகிறோம் என்று நான் ஆரம்பித்ததுமே, கீரைக்குத் தண்ணீர் தெளித்த கையை நிறுத்தினாள்.

“வந்துட்டீங்களா? அந்தப் புள்ள மேல பழி போட்டாங்கன்னு நேத்தே சேதி வந்துச்சு. அடுத்து நாந்தான்னு எனக்குத் தெரியும்.”

நான் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். அவள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, மடிந்து நைந்த பழைய அட்டையை என் கையில் வைத்தாள். அறுபத்து மூன்றில் பிறந்தவள். மாதம் மார்ச். என் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமையே மோகனராஜிடம் சொல்லி லீவு எடுத்திருக்கிறாள். மருந்து வாங்கிய துண்டுச் சீட்டும் அதே பையில் இருந்தது.

எனக்குக் காது சுட்டது. காலையில் அந்த மனுஷரை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன். மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை, நானும் போய்ப் படிக்கட்டின் அடியில் நிற்கிறவளைத்தான் பிடித்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியான பேச்சு. மன்னிச்சுக்கோங்க என்று சொன்னேன். அவள் அட்டையை வாங்கித் துடைத்துப் பையில் போட்டாள்.

மிஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கட்டு வல்லாரை வாங்கினார். பிறகு, மாளிகையில் உங்களுக்கும் ஏதாவது எண் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

“எனக்கு ஏதுங்க நம்பரு? நம்பரக் கழுவுறதுதான் என் வேல. ஆளுக்கொரு கோப்பை வச்சிருக்காங்க. எல்லாத்துலயும் அவங்கவங்க நம்பரு எழுதியிருக்கு. மாத்திக் குடுத்தா அன்னைக்கு முழுக்க ஏச்சுத்தான்.”

“எத்தனை கோப்பை?”

“ஒம்பதுங்க.”

மிஸ்ஸின் கை கீரைக்கட்டின் மேல் அப்படியே நின்றது. சுவர்ப் பட்டியலில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பதாவது கோப்பை யாருடையது என்று மெதுவாகக் கேட்டார்.

“பெரிய சேரோடது. அவரு நம்பரு பட்டியல்ல வராது, அவரு எல்லாருக்கும் மேலல்ல. கோப்பையச் சுத்தி மூணு மூணா வந்து, கடைசில ஒத்த ஒன்னு நிக்கும். எட்டு மூணு. கழுவுறப்ப எண்ணிப் பாத்திருக்கேன்.”

மிஸ் அந்த மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி அதில் ஏதோ கணக்குப் போட்டார். இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு எழும்பி, முழங்கால் தூசியைத் தட்டி, வண்டியைத் திருப்பச் சொன்னார். என்ன விஷயம் என்று நான் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

“நானும் பதினேழுல இருந்து தொடங்கிட்டேன் அஸ்ஃபர்” என்றார் கடைசியில். “அந்தாளு தொடங்கின எடத்துலயே நானும் தொடங்கினேன். அதுதான் பிழை.”

அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. பாலத்தில் வாகன நெரிசல் வேறு. மணி மூன்றரை தாண்டித்தான் குட்ஷெட் சந்துக்குள் நுழைந்தோம்.

மாளிகையில் பின்னேர வகுப்புக்காக ஆசிரியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மேசை மேல் அந்தக் கடிதம், அதன் மேல் பேனா. நிரஞ்சனி காலையில் நின்ற அதே சுவரோரம் நின்றாள். நாலு மணிக்கு நிதியத்திலிருந்து ஷாமலா மெடம் அழைப்பார், நேரத்தை வீணாக்காதே என்று சேர் அவளை அதட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. மார்க்கரை எடுத்து நிரஞ்சனி கையில் கொடுத்தார்.

“மூலை எண்ணைப் பலகையில எழுதுங்க. முதல்ல 31ஆல வகுங்க. கல்குலேட்டர் வேணாம், கையால.”

அவள் எழுதினாள். முதல் மூன்று இலக்கமும் மெதுவாக விழுந்தன. நாலாவது இலக்கம் வரும்போதே பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிற வேகம் வந்துவிட்டது. 110333332561 என்று விடை வந்தது. அதை 331ஆல் வகுக்கச் சொன்னார் மிஸ். பலகையில் ஒரு மூன்று விழுந்தது. பிறகு இன்னொரு மூன்று. பிறகு இன்னொன்று. ஐந்தாவது மூன்று விழும்போது கிறிஸ்ரி சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எட்டாவது மூன்றுக்குப் பிறகு அவள் ஒன்றை எழுதி, அடியில் கோடு இழுத்தாள். மீதி பூச்சியம்.

333333331.

தினமும் கோப்பையில் பார்க்கிற எண்; அது யாருடையது என்று ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.

“கிளார்க்கையும் கிறிஸ்ரி சேரையும் கழிச்சா, அந்தப் பிரதியை வெளிய எடுத்தது ஒரே ஒரு ஆள்தான்” என்றார் மிஸ். “வேற எங்கயிருந்து தொடங்கியிருந்தாலும் அந்த ஆள் முழுசா முன்னால வந்து நின்னிருப்பார். பதினேழுல தொடங்கினதாலதான் உடைஞ்சு, தெரியாமப் போனார்.”

ராஜலிங்கம் சேரின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. பதினேழாலும் போனதே, என் எண் முதன்மை எண், அதற்குள் பதினேழு இருக்க ஏலாது, ஆகவே அவளும்தான் எடுத்திருக்கிறாள் என்று வாதாடினார்.

“அதையும் பாப்பம். நிரஞ்சனி, சேரோட எண்ணைப் பதினேழால வகுங்க.”

அவள் வகுத்தாள். ஒன்று, ஒன்பது, ஆறு, பூச்சியம், ஏழு, எட்டு, நாலு. கடைசியில் மூன்று. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. மீதி இல்லை. நான் அடையாள அட்டை என்று தலையில் தூக்கிக்கொண்டு வத்தேகம வரை ஓடிய 19607843 பலகையில் நின்றது.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 31இல் தொடங்கி ஏழு எண்களும் முதன்மை எண்களாக இருந்ததைப் பார்த்து, எட்டாவதும் அப்படித்தான் என்று இந்த மனுஷர் முடிவு கட்டியிருக்கிறார். எல்லாரையும்விட நீளமானது தனக்கு வேண்டும் என்ற அவசரத்தில் ஒருநாளும் வகுத்துப் பார்க்கவில்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. ஏழு தடவை வகுத்தால் போதும், தன் வண்டவாளம் தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யாத ஆள், கண்டிப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

“சேரோட எண்ணுக்குள்ளதான் பதினேழு இருக்கு” என்றார் மிஸ். “அதை எடுத்தாப் பிறகு மிச்சத்துல இன்னொரு பதினேழு இல்ல. நிரஞ்சனி அந்தப் பேப்பரைத் தொடவே இல்ல. மோகனராஜ், இனியாவது வாயத் திறங்க.”

மோகனராஜ் எழும்பி நின்றான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒன்பதாம் கேள்வியைப் பார்க்க வேண்டும் என்று சேர்தான் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று அவரே சொல்லியிருந்ததால், அவருடைய எண்ணாலும் பெருக்கி எழுதினானாம். நேற்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, வேலை வேண்டுமா என்று கேட்டாராம். இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

“நான் எடுத்தது எடுத்ததாகுமா?” என்றார் ராஜலிங்கம் சேர். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். “இது என்ட இடம். என்ட பேப்பர். சாப்பாட்டு மேசையில வச்சிட்டுக் குளிக்கப் போனன். அங்க மகனைத் தவிர…”

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அவருடைய மகனும் அதே போட்டிக்கு விண்ணப்பித்திருந்தான் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். கூட்டாளிகள் முன்னால் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள நினைத்து வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டிருக்கிறான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மிஸ் கை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார். ஷாமலா மெடம் நேரே விஷயத்துக்கு வந்தார். யார் என்று தெரிந்துவிட்டதா?

சேர் தொண்டையைச் செருமினார். முறையில் ஒரு சிறு கோளாறு, எண் கொடுத்ததில் ஒரு தவறு, விபரமாகப் பிறகு எழுதுகிறேன் என்று இழுத்தார்.

“முறையில ஒரு பிழையும் இல்லங்க சேர்” என்றாள் நிரஞ்சனி. சத்தம் உயரவில்லை. “அது ஆளச் சரியாத்தான் காட்டியிருக்கு. சொல்லுங்க.”

“நான்தான்” என்றார் அவர்.

கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் மெடம். அவர் சத்தமாகச் சொன்னார். பக்கத்து அறையில் வகுப்புக்குக் காத்திருந்த பிள்ளைகளின் பேச்சும் நின்றுவிட்டது. நிதியம் இனி இந்த மாளிகையோடு வேலை செய்யாது என்று மெடம் இரண்டே வசனத்தில் முடித்து வைத்துவிட்டார்.

சேர் கதிரையில் சாய்ந்தார். பிறகு நிரஞ்சனியைப் பார்த்து, நடந்தது நடந்துவிட்டது, வாயால் ஒத்துக்கொண்டுவிட்டேன், சனிக்கிழமை வழமைபோல வாங்க என்றார். அந்தக் குரலில் அப்போதும் ஒரு தாராளம் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வாயால சொன்னது காத்தோட போயிருங்க சேர்” என்றாள் அவள். “நான் எடுக்கல, நீங்கதான் எடுத்தீங்கன்னு எழுதித் தாங்க. திணைக்களத்துக்கு ஒன்னு, எங்க பள்ளிக்கூடத்து அதிபருக்கு ஒன்னு.”

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னலைப் பார்த்தார். சேர் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை நிரஞ்சனி மேசைக்கு முன்னால் நின்றாள். கிறிஸ்ரி சேர் எழும்பித் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

இரண்டு தாளையும் வாங்கி வரி வரியாக வாசித்தாள். பிறகு இரண்டையும் அவர் பக்கமே திருப்பி வைத்து, கீழே வலது மூலையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“தேதி போடலங்க சேர்.”

அவர் தேதி போட்டார்.